இது எதுக்கு டீச்சர்?
வாசகர் கேள்விகள் – பதில்கள்

முப்பத்தோரு வருடம் கணிதமும் அறிவியலும் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: பிள்ளைகளுக்குப் பாடத்தில் மனசு ஒட்டவில்லை. அதனால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். இயற்கணிதம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பையன் தினமும் ‘இது எதுக்கு சார்?’ என்று கேட்கிறான். வகுப்பே சிரிக்கிறது. ‘வாழ்க்கைக்கு உதவும்’ என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அவனுக்கு என்னதான் பதில் சொல்வது?

அந்தப் பையனை அடக்கிவிடாதீர்கள் சார். மற்றவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதை அவன் வாய்விட்டுக் கேட்கிறான், அவ்வளவுதான்.

என்னிடமும் முதல் சில வருடங்கள் இரண்டே பதில்கள்தான் இருந்தன. ஒன்று, ‘பரீட்சைக்கு வரும்’. இன்னொன்று, ‘பெரியவனானதும் புரியும்’. முதலாவது உண்மை, ஆனால் அதைச் சொன்னதும் பாடம் அங்கேயே செத்துவிடும். இரண்டாவதைப் பிள்ளைகள் காதிலேயே வாங்குவதில்லை. பதின்மூன்று வயதுக்காரனுக்கு முப்பது வயது என்பது வேறு யாரோ ஒருவருடைய வயது.

எங்கே தப்பு செய்தேன் என்று புரிய எனக்கு நாளாயிற்று. ஒவ்வொரு பாடமும் யாரோ ஒருவர் எப்போதோ கேட்ட ஒரு கேள்விக்கான விடை. நாம் கேள்வியை மறைத்துவிட்டு விடையை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பசிக்காத பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி. துப்பத்தான் செய்யும்.

அதன் பிறகு இயற்கணிதம் தொடங்கும் நாளில் நான் புத்தகத்தையே திறக்கவிடமாட்டேன். “ஆளுக்கு ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லக்கூடாது. அதை இரண்டால் பெருக்குங்கள். ஆறைக் கூட்டுங்கள். வந்ததில் பாதி எடுங்கள். முதலில் நினைத்த எண்ணைக் கழியுங்கள்” என்பேன். பென்சில் சத்தம் அடங்கியதும், “எல்லோருக்கும் மூன்று வந்திருக்குமே?” என்று கேட்பேன். ஒரே கூச்சல். சிலர் 1000 நினைத்துப் பார்ப்பார்கள். ஒருத்தி ஒருமுறை அரையை நினைத்துப் பார்த்தாள். அப்போதும் மூன்றுதான். ஆறுக்குப் பதில் பத்தைக் கூட்டச் சொன்னால் ஐந்து வரும்.

எப்படி டீச்சர்? இந்தக் கேள்வி வரும்வரை நான் x என்ற எழுத்தைத் தொடவே மாட்டேன். வந்த பிறகு மெதுவாக, “நீங்கள் நினைத்த எண் எனக்குத் தெரியாது. தெரியாததற்கு ஒரு பேர் வைத்துக்கொள்ளலாமா?” என்பேன். 2x, அப்புறம் 2x + 6, அப்புறம் x + 3, கடைசியில் x போனால் மூன்று. எழுதி முடிக்கும்போதே இரண்டு மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் அம்மாவிடம் வித்தை காட்ட அவசரம். மறுநாள் ஆளாளுக்குச் சொந்தமாக ஒரு வித்தை தயாரித்துக்கொண்டு வருவார்கள். அதில் பாதி வேலை செய்யாது. ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைய பாடம். ‘எதுக்கு’ என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று. பயனை நாமே சொல்வதைவிட அவர்களைச் சொல்ல வைப்பது நல்லது. ஹல்லமன், ஹராக்கேவிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உயர்நிலைப் பள்ளி அறிவியல் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், படித்த பாடம் தங்கள் வாழ்க்கையோடு எங்கே ஒட்டுகிறது என்று எழுதச் சொன்னார்கள். மற்றவர்களுக்குப் பாடத்தைச் சுருக்கி எழுதும் வேலை. ‘எனக்கு இது வராது’ என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் முதல் வகை எழுத்து அதிகம் உதவியது. ஆர்வமும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது. உங்கள் பையனிடமே கேட்டுப் பாருங்கள்: “இது எதுக்கு என்று நீயே ஐந்து வரி எழுதிக்கொண்டு வா. ஒன்றுக்கும் இல்லை என்று தோன்றினால் அதையும் காரணத்தோடு எழுது.” இரண்டில் எது வந்தாலும் உங்களுக்கு லாபம்தான்.

ஆனால் எல்லாப் பாடத்துக்கும் பயன் தேடி அலையாதீர்கள். பகா எண்களைப் பிள்ளைகள் ரசிப்பது புதிருக்காக. சில இடங்களில் “எனக்கும் தெரியவில்லை, தேடிப் பார்ப்போம்” என்று நான் சொல்லியிருக்கிறேன். மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு. முன்பு தானாகவே கதைப் புத்தகம் எடுத்துப் படிப்பாள். இன்னும் நிறைய படிக்கட்டும் என்று, ஒரு புத்தகம் முடித்தால் ஒரு பரிசு என்று ஆரம்பித்தேன். இப்போது பரிசு இல்லையென்றால் புத்தகத்தைத் தொடுவதில்லை. நான் எங்கே தவறினேன்?

அம்மா, வருத்தப்படாதீர்கள். நீங்கள் செய்ததை 1973-இல் உளவியல் ஆய்வாளர் மார்க் லெப்பரும் அவருடைய இரண்டு சகாக்களும் ஒரு மழலையர் பள்ளியில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், ‘வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேஜையில் வைத்தபோது, முதல் குழுக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

கெடுத்தது பரிசு இல்லை, பேரம். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது.

இனி என்ன செய்யலாம்? பரிசைத் திடீரென்று நிறுத்திவிட்டு ‘சும்மா படி’ என்றால் சண்டைதான் வரும். கொஞ்ச நாள் புத்தகப் பேச்சே வேண்டாம். நீங்கள் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். ஒரு கதையைச் சத்தமாக வாசித்து, திருடன் கதவைத் திறக்கிற இடத்தில் மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். முடித்ததும் ‘எத்தனை பக்கம்?’ என்று கேட்காதீர்கள். ‘அந்தத் திருடன் மாட்டிக்கொண்டானா?’ என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஆசையே இல்லாத வேலைக்கு, வாய்ப்பாடு எழுதுவது போன்றவற்றுக்கு, எப்போதாவது சின்னப் பரிசு கொடுப்பதை நான் குற்றம் சொல்லமாட்டேன். இருக்கிற ஆசைக்கு விலை பேசுவதுதான் ஆபத்து.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஏழாம் வகுப்பில் கேள்வி கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் நானே பதிலையும் சொல்லிவிடுகிறேன். இவர்களை எப்படிப் பேச வைப்பது?

கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள்? நாளைக்கு எண்ணிப் பாருங்கள். மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைகளில் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்கத்தான் சின்னது. கரும்பலகை முன்னால் நிற்கும்போது அது ஒரு யுகம். நான் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி எண்ணுவேன்.

அப்புறம், கேள்வி எப்படிப்பட்டது என்றும் பாருங்கள். ‘ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது?’ என்று கேட்டால் தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் குனிந்துகொள்வான். நான் ஒரு நூலில் அழிப்பானைக் கட்டித் தொங்கவிட்டு, இன்னொரு கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, “கல்லைக் கட்டினால் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா, அப்படியேவா? கை தூக்குங்கள்” என்பேன். ஊகிக்கப் படித்திருக்க வேண்டியதில்லை. எல்லாக் கையும் உயரும். ‘வேகமாக’ என்பதற்குத்தான் எப்போதும் கூட்டம். பக்கத்தில் இருப்பவனை உங்கள் கட்சிக்கு இழுங்கள் என்று இரண்டு நிமிடம் கொடுப்பேன். வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிடும். ஒருமுறை தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருமுறை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. ஒரு மீட்டர் நூலில் பத்து அலைவுக்குச் சுமார் 20 நொடி. அழிப்பானுக்கும் அதே, கல்லுக்கும் அதே. கட்சி தோற்றவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்களே ஒருமுறை அளந்து பார்ப்பார்கள். பிறகு நூலை 25 செ.மீ. ஆக்கினால் பத்து நொடி. ‘நீளம் கால் பங்கு ஆச்சு, நேரம் மட்டும் ஏன் டீச்சர் பாதிதான் குறைஞ்சுது?’ என்று கேட்டவன், அதுவரை என் வகுப்பில் வாய் திறக்காதவன்.

தப்பான பதில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். அந்த ஒரு சுளிப்பை வகுப்பு மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும்.

கேள்வி: டீச்சர், நான் பத்தாம் வகுப்பு. ஒரு பாடத்தை ஐந்து முறை வாசித்தாலும் அடுத்த வாரம் மறந்துவிடுகிறது. எனக்கு ஞாபக சக்தி குறைவா?

இல்லை கண்ணு. வாசிப்பது உனக்குப் பழகிவிட்டது, அதனால் தெரிந்த மாதிரி இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வைக் கேள். ஒரு பத்தியை வாசித்துவிட்டு மறுபடி வாசித்தவர்கள் ஒரு பக்கம். வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள்தான் கொஞ்சம் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஐந்து முறை வாசிக்காதே. ஒருமுறை நன்றாக வாசி, புத்தகத்தை மூடு, வெற்றுத் தாளில் ஞாபகம் வருவதை எழுது. வராத இடத்தைப் பார்த்து எரிச்சல் வரும், வரட்டும். பிறகு திறந்து அதை மட்டும் பார். இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை. தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குச் சொல்லிக்கொடு. அவர்கள் ‘ஏன்?’ என்று கேட்கிற இடத்தில்தான் உனக்கும் புரியாதது எது என்று தெரியும்.

கேள்வி: மகனுக்குக் கணக்கு என்றாலே கசப்பு. பின்னத்தில் தேறவே இல்லை. ஆனால் சைக்கிளைக் கழற்றி மாட்டுவதில் மன்னன். சைக்கிளைப் பிடுங்கி வைத்தால்தான் படிப்பானோ?

ஐயையோ, பிடுங்காதீர்கள்! உங்கள் வீட்டுக் கணக்கு ஆய்வுக்கூடமே அதுதான்.

என்னிடம் இப்படி ஒருவன் இருந்தான். பெடல் பக்கப் பெரிய சக்கரத்திலும் பின்னால் இருக்கும் சின்னச் சக்கரத்திலும் எத்தனை பற்கள் என்று எண்ணி வரச் சொன்னேன். மறுநாள் 48, 16 என்று வந்து நின்றான். பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று? மூன்று என்று யோசிக்காமல் சொன்னான். 48/16 என்று எழுதியதும் முறைத்தான். “இது பின்னமா?” என்றான். சக்கரத்தின் விட்டம் 65 செ.மீ. என்றால் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், ஆக ஒரு மிதிக்கு ஆறு மீட்டர். அவன் அதைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுச் சரிபார்த்தான். பின்சக்கரத்தில் 24 பல் இருந்தால் மேடு ஏறச் சுலபம் என்பதும் அவனே சொன்னதுதான். நான் செய்ததெல்லாம் அவன் சொன்னதைக் கணக்கு மொழியில் எழுதியதுதான்.

உடனே முதல் மதிப்பெண் வாங்கிவிட்டான் என்று கதை விடமாட்டேன். தேறினான். கணக்கு நோட்டை ஒளித்து வைப்பதை நிறுத்தினான்.

கேள்வி: நல்ல யோசனைகள்தான். ஆனால் ஒரு வகுப்பில் ஐம்பது பேர், முடிக்க வேண்டிய பாடமோ மலை போல. இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது டீச்சர்?

இல்லைதான். நானும் எல்லா பீரியடிலும் இப்படி எடுத்ததில்லை, எடுத்ததாகச் சொல்பவரை நம்பவும் மாட்டேன். வாரத்துக்கு ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் மாற்றுங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும், ஒரு ஊகக் கேள்வி, கை தூக்கல், பிறகு வழக்கம் போல. திருத்துவதிலும் கொஞ்சம் நேரம் மிச்சம் பிடிக்கலாம். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் காட்டியது இது: மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்துப் போட்டால், குறிப்பை மட்டும் எழுதுவதால் வருகிற பலன் கிடைப்பதில்லை. பிள்ளைகள் எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். சின்னப் பயிற்சிகளுக்கு எண் போடாமல், ‘மூன்றாவது வரியில் குறி மாறிவிட்டது, பார்’ என்று ஒரு வரி போதும்.

வரும் திங்கட்கிழமை எந்தப் பாடம் எடுக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். முதல் கேள்வியைச் சேர்ந்து யோசிக்கலாம்.