தொட்டியில் போட்ட பிறகு என்ன ஆகிறது? கழிவுக் காட்சிகள் அமைப்பது பற்றிக் கேள்வி பதில்

கழிவையும் மறுசுழற்சியையும் பார்வையாளர்களுக்குப் புரியவைக்கும் ஊடாட்டக் காட்சிகளை வடிவமைப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. தொடுதிரை, சென்சார், ப்ரொஜெக்டர், ஒலி, கையால் சுற்றும் சக்கரம் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

மேடம், எங்கள் அறிவியல் மையத்தில் கழிவு மேலாண்மைக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு சுவரிலும் தொடுதிரை வைத்துவிடலாம் என்பது மேலதிகாரிகளின் எண்ணம். எத்தனை திரை இருந்தால் சரியாக இருக்கும்?

எண்ணிக்கையைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் எதைக் காட்டப் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது எதற்கும் திரை வேண்டாம். காந்தம் இரும்பை இழுப்பதை வீடியோவில் காட்டுவது வீண். நிஜக் காந்தத்தையும் நிஜ டப்பாவையும் வையுங்கள். கண்ணுக்கும் கைக்கும் எட்டாததற்குத்தான் திரை. குப்பைக் கிடங்கின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் உணவு மிச்சம் அழுகி மீத்தேன் வாயுவாக மாறுவதை யாராலும் நேரில் பார்க்க முடியாது. அதைத் திரையில் காட்டினால் பொருள் உண்டு.

இன்னொன்று, நேரம். பெவர்லி செரல் என்ற ஆய்வாளர் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளில் பார்வையாளர்களைக் கவனித்து 1998ல் முடிவுகளை வெளியிட்டார். தலைப்பு எதுவானாலும், அரங்கு எவ்வளவு பெரியதானாலும், பெரும்பாலும் மக்கள் 20 நிமிடத்துக்கும் குறைவாகவே உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த 20 நிமிடத்தில் பத்துத் திரைகளை யாராலும் பார்க்க முடியாது. மூன்று காட்சிகள் ஆழமாக இருந்தால் போதும். மீதிப் பணத்தைப் பராமரிப்புக்கு எடுத்து வையுங்கள். "பழுது" என்று தாள் ஒட்டிய திரை ஒன்று இருந்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல காட்சியின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

அக்கா, குப்பையைத் தரம் பிரிக்கும் விளையாட்டு வைக்கலாம் என்றிருக்கிறோம். திரையில் பொருள் விழும், சரியான தொட்டிக்கு இழுத்துவிட வேண்டும். சரியாகப் போட்டால் மதிப்பெண். நன்றாக இருக்குமா?

என்னுடைய முதல் கழிவுக் காட்சியே இதுதான். தவறான தொட்டியில் போட்டால் தொட்டி குலுங்கி, புகை கக்கி, வேடிக்கையான சத்தம் போடும்படி செய்திருந்தேன். சரியாகப் போட்டால் ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான். திறந்த முதல் வாரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகள் தம்பி தங்கைகளையும் கூப்பிட்டு வந்து, வேண்டுமென்றே எல்லாவற்றையும் தவறாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்! அவர்கள் மேல் தவறே இல்லை. சுவாரசியத்தை நான் தவறான பக்கம் வைத்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு மதிப்பெண்ணை விட்டுவிட்டேன். இப்போது செய்வது இதுதான். நிஜப் பொருட்களின் அடியில் சின்ன ஆர்எஃப்ஐடி வில்லையை (எந்தப் பொருள் என்று ரேடியோ அலை மூலம் கருவிக்குச் சொல்லும் சில்லு) ஒட்டி மேசையில் வைக்கிறோம். பார்வையாளர் ஒன்றைக் கையில் எடுத்து, ஏதாவது ஒரு தொட்டியின் வாயில் வைக்கிறார். உடனே அந்தப் பொருளின் மீதிப் பயணம் சுவரில் ஓடுகிறது. சரி, தவறு என்று யாரும் சொல்வதில்லை. என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டுகிறோம். மெல்லிய பிளாஸ்டிக் பையை மறுசுழற்சித் தொட்டியில் போட்டால், அது தரம் பிரிக்கும் ஆலையில் சுழலும் தண்டுகளைச் சுற்றிக்கொள்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓர் ஊழியர் கத்தியோடு இறங்கி அறுத்தெடுக்கிறார். லித்தியம் பேட்டரியைப் பொதுக்குப்பையில் போட்டால், லாரிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கிறது. எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டியைக் காகிதத்தோடு போட்டால், சுற்றியுள்ள நல்ல காகிதத்தின் தரமும் கெடுகிறது.

அந்த ஊழியர் கத்தியோடு இறங்கும் இடத்தில் பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறார்கள். தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கிறது. நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

பொருளின் அடியில் முக்கோண அம்புக்குறி இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்? அதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதாதா?

அப்படி அர்த்தம் இல்லை. அதனாலேயே அது நல்ல காட்சியாகும். சுற்றிவரும் மூன்று அம்புகளை 1970ல் கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் ஒரு வடிவமைப்புப் போட்டிக்காக வரைந்தார். பிளாஸ்டிக் பொருட்களில் 1 முதல் 7 வரையிலான எண்கள் வந்தது 1988ல். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது: 1 என்றால் தண்ணீர் பாட்டிலுக்குப் பயன்படும் பெட், 6 என்றால் பாலிஸ்டைரீன், இப்படி. ஆனால் எண்ணைச் சுற்றி அம்புகள் இருந்ததால், எல்லாமே மறுசுழற்சி ஆகும் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2013ல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக விதியை மாற்றினார்கள். பழைய வடிவம் இன்னும் மறையவில்லை.

பலகையில் விடையை எழுதி வைத்தால் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முதலில் வாக்களிக்க விடுங்கள். "இந்த எண் என்ன சொல்கிறது?" என்று கேட்டு மூன்று பொத்தான்கள். அழுத்திய பிறகு, இதுவரை வந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பட்டையாகத் தெரியட்டும். அதன் பின் விடை. நம்மைப் போலவே நிறையப் பேர் தவறாக நினைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் கூச்சம் இருக்காது, விடையும் மனதில் நிற்கும்.

தரம் பிரிக்கும் ஆலைக்குள் நடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. எந்த இயந்திரத்தை நிஜமாகச் செய்யலாம்?

இரும்புக்குக் காந்தம், அது எளிது. அலுமினியம்தான் அதிசயம். காந்தம் அதை இழுக்காது. ஆனால் வேகமாகச் சுழலும் காந்த உருளைக்கு மேலே வரும்போது, அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதன் காந்தப்புலம் எதிர்த்துத் தள்ள, டப்பா தாவிக் குதித்து வேறு பக்கம் போய் விழுகிறது. முழு இயந்திரத்தையும் காட்சிக்கூடத்தில் வைப்பது பாதுகாப்பாக இருக்காது. அதே தத்துவத்தை ஒரு தடித்த அலுமினியக் குழாயில் காட்டலாம். வலுவான ஒரு காந்தத்தை அதற்குள் விட்டால் மிதப்பதுபோல மெல்ல இறங்கும். பக்கத்தில் அதே நீளத்தில் பிளாஸ்டிக் குழாய் இருந்தால் சட்டென்று விழும். இரண்டையும் ஒரே சமயத்தில் விட்டுப் பார்க்கும்போது பெரியவர்களே இன்னொரு முறை என்று கேட்பார்கள். பக்கத்துத் திரையில் ஆலையில் டப்பா குதிப்பதை மெதுவான வேகத்தில் ஓட விடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை அவசியம். காந்தம் கையோடு போய்விடாதபடி குழாய்க்குள்ளேயே அடைத்து, குழாயைத் தலைகீழாகச் சுழற்றும்படி செய்யுங்கள்.

பிளாஸ்டிக்கை வகை பிரிப்பது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியால். ஒவ்வொரு வகையும் அந்த ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்பும். இதற்குத் திரைதான் வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக்கை மட்டும் மறக்காதீர்கள். நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன் கறுப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் பல இயந்திரங்களுக்கு அது தெரிவதே இல்லை. பார்வையாளர் கறுப்புத் தட்டை வைத்தவுடன் திரை இருண்டு "எதுவும் தெரியவில்லை" என்று சொன்னால், அடுத்த முறை பொருள் வாங்கும்போது நிறத்தையும் கவனிப்பார்.

மறுசுழற்சி ஆவது கொஞ்சம்தான் என்ற உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துபோக மாட்டார்களா, மேடம்? நான் ஆசிரியர், அதனால் கேட்கிறேன்.

உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 2015 வரை உருவான பிளாஸ்டிக் கழிவில் ஏறக்குறைய 9 சதவீதம்தான் மறுசுழற்சியானது, 12 சதவீதம் எரிக்கப்பட்டது, மீதி கிடங்கிலும் வெளியிலும் கிடக்கிறது என்று 2017ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதை மறைத்துவிட்டு "போடுங்கள், எல்லாம் புதிதாகும்" என்று பாட்டுப் பாடினால், பத்து வருடம் கழித்து உண்மை தெரியும்போது அந்தப் பிள்ளை நம்மையும் நம்பாது, மறுசுழற்சியையும் நம்பாது.

சோர்வு வராமல் இருக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் ஒரே "மறுசுழற்சி" என்ற சொல்லில் கட்டாமல், ஒவ்வொரு பொருளையும் தனியாகப் பேச விடுங்கள். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க, தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறக்குறைய 95 சதவீதம் குறைவான ஆற்றல் போதும். இதை நான் ஒரு கைச்சக்கரமாகச் செய்தேன். தாதுவிலிருந்து ஒரு டப்பா செய்ய 100 சுற்று சுற்ற வேண்டும், பழைய டப்பாவிலிருந்து செய்ய 5 சுற்று. தோள் வலித்தவர்களுக்கு அந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கண்ணாடியைத் தரம் குறையாமல் மீண்டும் மீண்டும் உருக்கலாம். காகித இழை ஐந்து முதல் ஏழு முறைக்குள் குட்டையாகித் தேய்ந்துவிடும். எது திரும்ப வரும், எது வராது என்று தெரிந்த பிள்ளை, வராததை வாங்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளும்.

எங்கள் பள்ளியில் பணமும் இல்லை, கணினி தெரிந்தவர்களும் இல்லை. ஒரு பழைய கைபேசி இருக்கிறது.

அது போதும். ஒரு கண்ணாடித் தொட்டியில் ஈர மண் போட்டு, இலை, செய்தித்தாள், பருத்தித் துணி, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைக் கண்ணாடியை ஒட்டிப் புதையுங்கள். கைபேசியை அசையாமல் நிறுத்தி, தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுங்கள். மூன்று மாதப் படங்களை வரிசையாகக் கோத்தால், விரலால் தள்ளத் தள்ளக் காலம் முன்னும் பின்னும் ஓடும். இலை கரையும், துணி கிழியும், உறை அப்படியே இருக்கும்.

இதோடு ஒரு கதையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் வில்லியம் ரத்ஜி என்ற தொல்லியலாளர் 1973ல் தொடங்கிய குப்பை ஆய்வுத் திட்டத்தில், பின்னாளில் கிடங்குகளையே தோண்டிப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த செய்தித்தாள்களை அப்படியே படிக்க முடிந்தது. காற்றும் ஈரமும் இல்லாமல் இறுக்கிப் புதைத்தால் மக்கும் பொருளும் மக்காது. பிள்ளைகளிடம் இரண்டாவது தொட்டி ஒன்றைக் காய்ந்த மண்ணை இறுக்கி வைக்கச் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

என் அம்மாவுக்குப் பார்வை குறைவு, சக்கர நாற்காலியில்தான் வருவார். இந்த மாதிரி இடங்களில் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுகிறோம்.

இதைப் படிக்கும் வடிவமைப்பாளர்கள் எல்லோரும் உங்கள் கேள்வியை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம், உட்கார்ந்தபடி எட்டும் பொத்தான்கள், விரலுக்குத் தட்டுப்படும் குறிகள், பேச்சுக்கு எழுத்து, எழுத்துக்குப் பேச்சு. தொட்டிகளை நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்டக் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நிறையப் பேர். வாயின் வடிவத்தை மாற்றுங்கள்: பாட்டிலுக்கு வட்டம், தாளுக்கு நீளக் கீற்று. கைவைத்தாலே தெரியும்.

வந்தவர்கள் கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஒரே பொருளைக் கையில் கொடுத்து, எங்கே போடுவீர்கள், ஏன் என்று கேளுங்கள். "ஏன்" என்பதில்தான் மாற்றம் தெரியும். வாசலில் இருக்கும் உங்கள் சொந்தக் குப்பைத்தொட்டிகளை வாரம் ஒருமுறை கொட்டி, தவறாக விழுந்ததை எடை போடுங்கள்.

கண்காட்சி முடிந்ததும் இத்தனை பலகையும் திரையும் எங்கே போகும்?

2022ல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால்வாசிக்கும் குறைவு. நாம் அதில் சேரக் கூடாது. பசைக்குப் பதில் திருகாணி, தனித் தயாரிப்புக்குப் பதில் எங்கும் கிடைக்கும் பாகங்கள், முடிந்தவரை பழைய திரைகள். தொட்டி விதிகள் மாறினால் ஊழியர்களே திருத்தும்படி எழுத்தையும் படத்தையும் தனிக் கோப்பில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு வரி மாறியதற்காக முழுக் காட்சியையும் தூக்கிப் போட நேரும். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும், இது பிரிக்கப்பட்ட பின் எங்கே போகும் என்று ஒரு வரி எழுதுகிறேன். அந்த வரியை எழுத முடியாத பலகையை வடிவமைப்பிலிருந்தே எடுத்துவிடுவேன்.