நான்கு வயது மகன் ஒரு நிமிடம்கூடப் பொறுப்பதில்லை, மருந்து தேவையா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. எல்.கே.ஜி. படிக்கிறான். கேட்டது உடனே கிடைக்க வேண்டும். தோசை வேகும் வரைகூடப் பொறுக்காமல் தட்டைத் தட்டி அழுகிறான். கடையில் பில் போடும் வரிசையில் நின்றால் தரையில் விழுந்து புரளுகிறான். அழுகையை நிறுத்த மாமியார் செல்போனைக் கொடுத்துவிடுகிறார். பக்கத்து வீட்டில் ‘ஹைப்பர் ஆக்டிவாக இருக்கும், டாக்டரிடம் காட்டு’ என்கிறார்கள். மருந்து ஏதாவது கொடுக்க வேண்டுமா? - வாசகி, திருப்பூர்.

பதில்: பொறுமைக்கு டானிக் கிடையாது. இருந்திருந்தால் முதல் பாட்டிலை நானே குடித்திருப்பேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகன் நான்கு வயதுப் பிள்ளை செய்வதைத்தான் செய்கிறான். ஆசையைச் சற்று நிறுத்திவைக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதுக்கு மேலும் ஆகும். கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளையிடம் ‘ஐந்து நிமிடம் பொறு’ என்றால், ‘கிடையாது’ என்றுதான் அவன் காதில் விழும்.

அதனால் நிமிடக் கணக்கை விட்டுவிடுங்கள். அவன் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய கணக்கைச் சொல்லுங்கள். தோசையையே எடுத்துக்கொள்வோம். ‘இது அப்பாவுக்கு, அடுத்தது உனக்கு’ என்று சொல்லி, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் ஒரு முக்காலியில் உட்கார வையுங்கள். ‘ஓரம் சிவந்து மேலே எழும்பியதும் சொல், திருப்பிப் போடுகிறேன்’ என்று வேலை கொடுங்கள். தட்டைத் தட்டிக்கொண்டிருந்தவன் கல்லையே பார்க்கத் தொடங்கிவிடுவான். ‘குக்கர் மூன்று விசில் அடித்ததும் உன்னோடு விளையாட வருகிறேன்’ என்றால் விசிலை அவனே எண்ணுவான். ஆனால் மூன்றாவது விசில் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நீங்கள் போய்விட வேண்டும். தாளிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மற்ற எதையும்விட, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் இதுதான் முக்கியம் என்பேன். ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1960களின் இறுதியில் தொடங்கிய மிட்டாய்ச் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தட்டில் ஒரு மிட்டாய் இருக்கும். பெரியவர் திரும்பி வரும் வரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் படிப்பில் சிறந்தார்கள் என்று பல காலம் சொல்லப்பட்டது. 2018இல் வெளியான, அதைவிடப் பெரிய ஆய்வில் குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அந்தத் தொடர்பு பெருமளவு குறைந்துவிட்டது. ஆகவே லட்டை வைத்து மகனைச் சோதித்துப் பார்த்து எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான சோதனை. மிட்டாயை வைப்பதற்கு முன், படம் வரைய நல்ல கிரேயான்கள் கொண்டுவருவதாகப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார்கள். இன்னொரு குழுவிடம் ‘மன்னித்துக்கொள், இல்லை’ என்று கைவிரித்தார்கள். பிறகு மிட்டாய் வந்தது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்களுக்கு ஏறக்குறைய 3 நிமிடங்கள்தான். இவர்களை நம்பிக் காத்திருந்து என்ன கண்டோம் என்று அந்தப் பிள்ளைகள் போட்ட கணக்கில் எனக்குத் தவறு தெரியவில்லை.

நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை ‘இதோ’, எத்தனை ‘நாளைக்கு வாங்கித் தருகிறேன்’! செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். சொன்னதை எவ்வளவு அற்பமானாலும் செய்துவிடுங்கள். ‘அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்’ என்பதையும் சேர்த்து நிறுத்துங்கள். உங்கள் வீட்டுப் பூச்சாண்டி வேலைக்கு நான் வர முடியாது.

மிஷலின் சோதனையில் அதிக நேரம் தாக்குப்பிடித்த பிள்ளைகள் மிட்டாயைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கவில்லை. திரும்பிக்கொண்டார்கள், பாடினார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். பில் வரிசையில் இதைத்தான் செய்ய வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில், சரியாகக் குழந்தையின் கண் உயரத்தில் சாக்லேட்டை அடுக்கியிருப்பார்கள் (அது தற்செயல் என்று நினைக்கிறீர்களா?). அவனை அந்தப் பக்கம் பார்க்கவிடாமல், ‘வரிசையில் எத்தனை பேர் செருப்பு போட்டிருக்கிறார்கள்?’ என்று எண்ணச் சொல்லுங்கள். பணத்தை நீட்டும் வேலையை அவனுக்கே கொடுங்கள்.

இனி செல்போன். இரண்டு முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரை. உங்கள் வீட்டில் எத்தனை நிமிடம் என்பதைவிட எப்போது கொடுக்கிறார்கள் என்பதே சிக்கல். அழும்போது கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்று படித்துக்கொள்கிறான். மாமியாரிடம் குறை சொல்லாதீர்கள். பேரன் அழுவதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. மாலையில் பால் குடித்த பிறகு இவ்வளவு நேரம் என்று இருவருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். முதல் சில நாள்கள் அழுகை கூடும். அங்கே விட்டுக்கொடுத்தால் எல்லாம் போயிற்று. கொடுப்பதாக இருந்தால் கேட்டவுடனே கொடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் அழவிட்டுக் கொடுத்தால், அடுத்த முறை முக்கால் மணி நேரம் அழுவான். பாட்டியோடு பல்லாங்குழி ஆடட்டும். தன் முறை வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

உடல் சார்ந்த காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். சீரியல் முடிந்து பதினொரு மணிக்குப் படுத்து, பள்ளி வேனுக்காக ஆறரைக்கு எழுப்பப்படும் பிள்ளை சிடுசிடுவென்றுதான் இருப்பான். குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி தூங்குகிறானா? மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மண், சாக்பீஸ் தின்றாலோ வெளிறியிருந்தாலோ இரும்புச்சத்துக் குறைவா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை வாக்கியமாகச் சொல்கிறானா என்பதையும் கவனியுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அழுகைதான் பேச்சு.

‘ஹைப்பர் ஆக்டிவ்’ என்ற பட்டத்தைப் பக்கத்து வீட்டார் கொடுக்க முடியாது. அதே வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமாக, வீட்டிலும் பள்ளியிலும், ஆறு மாதமாவது தொடர்ந்தால்தான் அந்தச் சந்தேகமே எழும். அப்படியே இருந்தாலும் இந்த வயதில் முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான், மாத்திரை அல்ல. வகுப்பு ஆசிரியையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கதை சொல்லும்போது மற்ற பிள்ளைகளோடு உட்காருகிறானா, சறுக்கு மரத்தில் தன் முறைக்கு நிற்கிறானா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் ‘ஹைப்பர் ஆக்டிவ்’ சந்தேகத்துக்காக எந்த மருத்துவரையும் பார்க்க வேண்டியதில்லை. ‘இல்லை’ என்றால், ஆசிரியை சொன்னதை எழுதிக்கொண்டு குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.