பெற்றோரையும் சேர்த்து ஒரே ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுக்கலாமா, தனித்தனி பாலிசி எடுப்பது நல்லதா?

உங்களுக்கு 34 வயது, மனைவியும் ஒரு குழந்தையும் உடன் இருக்கிறார்கள், ஈரோட்டில் வசிக்கும் பெற்றோர் இருவரும் அறுபதைக் கடந்தவர்கள், அப்பாவுக்குச் சர்க்கரையும் அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் உண்டு, அலுவலகத்தின் குழுக் காப்பீடு 3 லட்சம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பேரையும் ஒரே ஃப்ளோட்டரில், அதாவது குடும்பம் முழுவதற்குமான ஒரே மருத்துவக் காப்பீட்டு பாலிசியில், சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஃப்ளோட்டருக்கான பிரீமியம் பொதுவாகக் குடும்பத்தில் மூத்தவரின் வயதை வைத்தே கணக்கிடப்படுகிறது. காப்பீட்டுத் தொகையும் அனைவருக்கும் பொதுவானது என்பதால், ஜூன் மாதம் அப்பாவின் சிகிச்சைக்குச் செலவான பணம் நவம்பரில் குழந்தைக்கு டெங்கு வந்தால் கைகொடுக்காது. உங்கள் மூவருக்கும் ஒரு ஃப்ளோட்டர், பெற்றோருக்குத் தனி பாலிசி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்த பாலிசியானாலும், பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2022இல் என் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவருடைய 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறைக்கான நாள் வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான் என்பதைக் கவனிக்காமல், 6,000 ரூபாய் அறையில் தங்கவைத்தோம். கூடுதல் வாடகையை மட்டும் நாம் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் வாடகை இரு மடங்கு என்பதால், அறுவை சிகிச்சைக் கட்டணம், மருத்துவர் கட்டணம் போன்றவற்றிலும் பாதியை மட்டுமே தந்தார்கள். மொத்த பில் 2,40,000 ரூபாய். மருந்து, பொருத்திய உலோகத் தகடு, பரிசோதனைகள் ஆகியவற்றுக்கான 90,000 ரூபாயில் கைவைக்கவில்லை. மீதி 1,50,000 ரூபாயில் 75,000 ரூபாயை நாங்கள் கட்டினோம். விதிப்படி அது சரியான கணக்குதான் என்பது பிறகு பாலிசியைப் படித்தபோது புரிந்தது. ஆகவே அறை வாடகைக்கு வரம்பே இல்லாத பாலிசியையோ, தனி அறை வரை அனுமதிக்கும் பாலிசியையோ தேர்ந்தெடுங்கள்; ஆண்டுக்குச் சில ஆயிரம் அதிகமானாலும் பரவாயில்லை.

பெற்றோரின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், முகவரே "எழுத வேண்டாம்" என்று சொன்னாலும்கூட. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (அந்த நோய்களுக்கு கிளெய்ம் கிடைக்காத தொடக்கக் காலம்) 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்கள்தான். மறைத்தாலோ, பெரிய தொகைக்கு கிளெய்ம் கேட்கும் நாளில் பாலிசியே ரத்தாகலாம். மூத்தோர் பாலிசிகளில் கோ-பே, அதாவது பில்லில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு, எவ்வளவு என்றும் பாருங்கள்: 20 சதவீதம் என்றால் 5 லட்ச ரூபாய் பில்லில் 1 லட்சம் உங்களுடையது. பெற்றோர் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் விண்ணப்பியுங்கள்.

அலுவலகக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உங்கள் மூவருக்கும் 5 லட்சத்துக்கு அடிப்படை பாலிசியும், அதற்கு மேல் 5 லட்சம் டிடக்டிபிள் கொண்ட (முதல் 5 லட்சத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலான செலவை மட்டும் தரும்) சூப்பர் டாப்-அப் என்ற கூடுதல் பாலிசியும் எடுப்பது, பெரிய தொகைக்கு ஒரே பாலிசி எடுப்பதைவிடப் பெரும்பாலும் மலிவாக முடியும். இங்கே டாப்-அப்புக்கும் சூப்பர் டாப்-அப்புக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். ஒரே ஆண்டில் 3 லட்சமும் 4 லட்சமுமாக இரு முறை செலவானால், ஒவ்வொன்றும் 5 லட்சத்துக்குக் குறைவு என்பதால் டாப்-அப் எதுவும் தராது; சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்து, மீதி 2 லட்சத்தைத் தரும்.

பாலிசி ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பித் தர உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நாட்களில் அறை வாடகை, கோ-பே, காத்திருப்புக் காலம் ஆகிய மூன்று பகுதிகளையும் நீங்களே உட்கார்ந்து படித்துவிடுங்கள். முகவர் வாயால் சொன்னது அந்தத் தாளில் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.