பூங்கா விழாவுக்கு எந்த டிக்கெட் மென்பொருளை எடுப்பது?

குடியிருப்போர் சங்கம் பூங்காவில் நடத்தும் பொங்கல் விழாவுக்கு 600 பேர் வருவார்கள், 50 ரூபாய் டிக்கெட், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் வாசலை நினைத்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் கூடினால் மொபைல் சிக்னல் படுத்துவிடும். எனவே ஸ்கேன் செய்யும் ஆப் இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இரண்டு வாசலில் இரண்டு போன்கள் தனித்தனியாக ஓடினால், ஒரே டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டுக்கு இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரியும். எங்கள் விழாவில் ஒரே டிக்கெட்டில் அண்ணனும் தம்பியும் உள்ளே வந்துவிட்டார்கள்! போன்கள் ஒரே வைஃபையில் தமக்குள் பேசிக்கொள்ளுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு வாசலைப் பூட்டிவிடுங்கள்.

சரி, பணம். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து வணிகர் கட்டணம் (பணம் பெறுபவர் வங்கிக்குக் கொடுப்பது) இல்லை. ஆனால் டிக்கெட் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாகப் போடும், அதற்கு 18% ஜிஎஸ்டி வேறு. டிக்கெட்டுக்கு 10 ரூபாய் என்றால் 11.80 ஆகிவிடும். 50 ரூபாய் டிக்கெட்டுக்கு இது ரொம்ப அதிகம். சேவைக் கட்டணத்தை டிக்கெட் விலையில் சதவீதக் கணக்காக எடுக்கும் நிறுவனத்தைத் தேடுங்கள்.

மழை வந்தால் எல்லோருக்கும் ஒரே சொடுக்கில் பணம் திரும்புமா, அப்போது சேவைக் கட்டணம் யார் தலையில் விழும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். போன் இல்லாத தாத்தா பாட்டிகளுக்கு ரொக்கம் வாங்கி அதே கணக்கில் பதிய வசதி இருக்க வேண்டும்.