ஆன்டிவைரஸ் விண்டோஸ் கோப்பை நீக்கியதால் லெப்டொப் துவங்கவில்லை. போமட் அடிக்காமல் சரிசெய்ய முடியுமா?

முடியும் டீச்சர். போமட் அடிக்க மட்டும் இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள்.

ஆன்டிவைரஸ் ஏதோ ஒரு விண்டோஸ் கோப்பை வைரஸ் என்று சொல்லித் தூக்கியது, லெப்டொப்பை மறுபடி போட்டதும் நீலத்திரை வந்து நிற்கிறது, ஹட்டனில் ஒரு கடையில் போமட்தான் வழி என்றார்கள், உள்ளே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் மாதிரித் தாள்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் தலவாக்கலையில் இதே வேலைதான் செய்கிறேன். போமட் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், அதனால்தான் கடைகளில் உடனே அதைச் சொல்கிறார்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நீங்கள் உட்கார்ந்து தயாரித்த தாள்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

போனது விண்டோஸின் ஓரிரு கோப்புகள்தான். உங்கள் தாள்கள் ஹாட் டிஸ்கில் அப்படியே இருக்கும். இது உங்கள் பிழையும் இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பை வைரஸ் என்று தவறாகப் பிடித்தது. பல நாடுகளில் கணினிகள் ஓயாமல் அணைந்து அணைந்து துவங்கின. அந்தக் கோப்பைத் திரும்ப வைத்ததும் அவை சரியாகிவிட்டன.

முதலில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து, வேறொரு கணினியில் மைக்ரோசொஃப்ட் தளத்தில் இருந்து விண்டோஸ் நிறுவியை அதில் ஏற்றுங்கள். பல ஜிபி இறங்கும், அதனால் இரவு டேட்டாவில் போடுவது நல்லது. லெப்டொப்பை அந்தப் பென்டிரைவில் இருந்து துவக்கி, இன்ஸ்டோலைத் தொடாமல் ரிப்பெயார் என்பதைத் தேர்ந்தெடுத்து, டிரபிள்ஷூட் வழியாக, கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையான கமாண்ட் புரொம்ப்டுக்குப் போங்கள். ஹாட் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் 48 இலக்க எண் கேட்டால் பயப்பட வேண்டாம். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போனால் பெரும்பாலும் அது அங்கே இருக்கும்.

அந்தக் கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அதில் ஃபைல், ஓபன் என்று போய், எல்லா வகைக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால் முழு ஹாட் டிஸ்கும் தெரியும். உங்கள் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து கொப்பி எடுத்து, வேறொரு பென்டிரைவில் பேஸ்ட் பண்ணுங்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டாது, உறைந்துபோன மாதிரித் தெரியும். பொறுமையாக இருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரையும் கட்டாயம் எடுங்கள். தாள்களைப் பாமினியில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும்.

கோப்புகள் பத்திரமான பிறகு பழுதைப் பார்க்கலாம். இங்கே பலரும், கெட்ட விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நௌ (sfc /scannow) என்ற கட்டளையை மட்டும் அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். வெளியில் இருந்து பழுதுபார்க்கும்போது அதோடு ஆஃப்பூட்டிர் (/offbootdir), ஆஃப்விண்டிர் (/offwindir) என்ற இரண்டையும் சேர்த்து, விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்றோ ஈ என்றோ மாறியிருக்கலாம். நோட்பேடில் பார்த்தபோது விண்டோஸ் ஃபோல்டர் எந்த எழுத்தின் கீழ் இருந்ததோ அதையே கொடுங்கள். காணாமல் போன கோப்பை விண்டோஸ் தன்னிடம் உள்ள பிரதியில் இருந்து திரும்ப வைக்கும். அதில் சரிவராவிட்டால், விண்டோஸை முந்தைய ஒரு நாளின் நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரிஸ்டோர். அதுவும் இல்லையென்றால், கோப்புகளை வைத்துக்கொண்டு ரீசெட் செய்யும் வழி இருக்கிறது, ஆனால் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

இதையெல்லாம் காலையில் செய்யுங்கள், சார்ஜரைச் செருகியபடி. ஏப்ரலிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் பின்னேர இடிமழைக்குக் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றால் இருக்கும் கோப்புகளும் கெடலாம்.

லெப்டொப் எழுந்ததும் முதல் வேலை ஆன்டிவைரஸைக் கவனிப்பது. விட்டால் அதே கோப்பை மறுபடி தூக்கிவிடும். மிகத் தேவையானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் துவக்கி அதை நீக்குங்கள். பிறகு விண்டோஸோடு வரும் டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் தானாகவே வேலைக்கு வந்துவிடும். அப்புறம் அதைக் கொண்டு முழு ஸ்கேன் ஒன்று போடுங்கள், ஏனென்றால் ஆன்டிவைரஸ் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். சாலிட்டி, விருட் போன்ற வைரஸ்கள் நல்ல கோப்புகளுக்குள்ளேயே புகுந்துகொள்பவை. தாள் பிரிண்ட் எடுக்க கொமியுனிகேஷன் கடைக்குக் கொண்டுபோன பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

நீக்கிய கோப்பின் பெயர் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள் டீச்சர். அது விண்டோஸின் கோப்பா, வெளியில் இருந்து வந்ததா என்று பார்த்துச் சொல்கிறேன்.