செட்டிநாட்டார் 'இடது மூளைக்காரர்களா'?

கணக்கில் கெட்டிக்காரர்களான செட்டிநாட்டாருக்கு இடது மூளைதான் ஓங்கி நிற்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்களை அப்படிப் பிரிக்க இயலாது. ஆனால் மூளைக்குள் வேலைப் பகிர்வு உண்டு. பேச்சிழந்த ஒருவரின் மூளையில் இடது முன்பகுதி சிதைந்திருந்ததை 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா காட்டினார். வலக்கைப் பழக்கமுள்ளோரில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்கமே.

வலப்பக்கத்தின் அருமை அது பழுதாகும்போதுதான் தெரியும். காரைக்குடியில் எங்கள் ஆச்சி, வலது மூளையில் பக்கவாதம் தாக்கியபின், கண்பார்வை குன்றாதிருந்தும், வாழையிலையின் வலப்பாதியை மட்டும் உண்டுவிட்டு, இடப்புறத்து ஊறுகாயையும் கூட்டையும் அறியாமலே "இம்புட்டுத்தானா?" என்பார்; இலையைத் திருப்பி வைத்தால் மீதியையும் உண்பார். சுற்றியுள்ள வெளியைக் கவனிப்பதில் வலது அரைக்கோளத்துக்கே, அதாவது மூளையின் வலப்பாதிக்கே, பெரும்பங்கு.

கணக்குக்கோ இரண்டும் வேண்டும்: வாய்ப்பாடு ஒப்பிக்க இடப்பக்கம் முந்தும், தோராயமாக மதிப்பிட இரண்டும் சேரும்.