பருந்தா கருடனா? பெங்களூரில் பறவை பார்க்கத் தொடங்கியவர்களின் கேள்விகள்

அக்கா, அல்சூர் ஏரிக்கு மேல் வட்டமிடுவது பருந்தா கருடனா? அம்மா எதைப் பார்த்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

இரண்டுமே அங்கே சுற்றும்ப்பா. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம் என்றால் கருடன். ஆனால் இளம் கருடனும் பழுப்பாகத்தான் இருக்கும், அதனால் வாலைப் பார்த்துப் பழகு. பருந்துக்கு வால் நுனி நடுவில் உள்வாங்கியிருக்கும், கருடனுக்கு உருண்டை. பருந்து வாலை முழுக்க விரித்தால் அந்தப் பிளவு மறைந்துவிடும், அது திரும்பும்வரை பொறுத்துப் பார்.

பைனாகுலர் எது வாங்கலாம்?

8×42 போதும். 8 மடங்கு பெரிதாகக் காட்டும், 42 என்பது முன்பக்க லென்ஸின் மில்லிமீட்டர் அளவு. 12 மடங்கு எடுத்தால் கை நடுக்கத்தில் பறவையும் சேர்ந்து ஆடும். முதல் மாதம் வெறும் கண்ணாலேயே பாருங்கள்.

எங்கள் தெருவில் நாள் முழுக்க 'குட்ரூ குட்ரூ' என்று ஒன்று கத்துகிறது, ஆளையே காணோம்.

வெண்கன்னக் குக்குறுவான். உடம்பு இலைப்பச்சை, தலை பழுப்பு, கன்னத்தில் வெள்ளை. இலைக்குள் உட்கார்ந்தால் அவ்வளவுதான், தேடித் தேடிக் கழுத்து வலிக்கும். சத்தத்தைத் துரத்தாமல் பழுத்த ஆலமரமோ அத்திமரமோ பார்த்து அடியில் நில்லுங்கள், பழம் தின்ன அதுவே வரும். லால்பாகில் ஒருமுறை பட்டுப்போன கிளையில் வட்டமாக ஒரு பொந்து, அதிலிருந்து தடித்த அலகும் அதைச் சுற்றி மீசை மாதிரி முடியுமாக முகம் மட்டும் எட்டிப் பார்த்தது, நான் மூச்சுவிடக்கூட யோசித்தேன். பொந்து தெரிந்தால் தள்ளியே நில்லுங்கள், கிட்டே போய்ப் படமெடுத்தால் தாய்ப்பறவை உள்ளே வரத் தயங்கும், குஞ்சு பட்டினி கிடக்கும். அப்புறம், 'டொங்க் டொங்க்' என்று பாத்திரம் தட்டுகிற சத்தம் கேட்டால் அது இதன் சின்ன உறவு, செம்மார்புக் குக்குறுவான். நெற்றியில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு, பெரும்பாலும் மொட்டைக் கிளை உச்சியில் உட்காரும்.

பறவைச் சத்தம் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை நம்பலாமா சார்?

நான் அக்காதான்! அது காதுக்குத் துணை, அவ்வளவே. பெயர் காட்டினாலும் கண்ணால் பார்த்த பிறகே குறிப்பில் எழுதுங்கள்.

குயிலோடு புள்ளி போட்ட பழுப்புப் பறவை ஒன்று வருகிறதே?

அதுவும் குயில்தான், பெண். 'குக்கூ' என்று பாடுவது கறுப்பு ஆண்.

குழந்தையை எங்கே கூட்டிப்போகலாம்?

ஜக்கூர் ஏரி, காலை 7 மணிக்குள். கூழைக்கடா அசையாமல் மிதக்கும், நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும், சின்னப் பிள்ளைகளும் நிதானமாகப் பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலோடு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், அவர்களே வரையட்டும்.